கழற்றிப் பார்க்க ஒரு செல்: தாவர, விலங்கு செல் மாதிரி இணை பற்றிய மதிப்பீடு

தாவர செல், விலங்கு செல் இரண்டின் முப்பரிமாண மாதிரிகளையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கும் கற்பித்தல் கருவிகள் பல வந்துவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரிக்கு அழகு சேர்ப்பவை. கையில் எடுத்துப் பாடம் நடத்தத் தொடங்கினால் பெயர்களைச் சொல்லி முடித்ததும் வேலை தீர்ந்துவிடும். இங்கே நான் எடுத்துக்கொள்ளும் இணை அந்த வகையைச் சேர்ந்ததன்று. இதில் உள்ள நுண்ணுறுப்புகள் அனைத்தும் காந்தத்தின் துணையால் அடித்தளத்தில் ஒட்டி நிற்கின்றன. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், சிலவற்றைத் திறந்தும் பார்க்கலாம், திரும்பவும் வைக்கலாம். ஒரு செல் மாதிரியில் என்னென்ன இருக்கின்றன என்பதைவிட, எதையெல்லாம் அதிலிருந்து எடுக்க முடிகிறது என்பதே அதன் தரத்தைச் சொல்லும் என்ற எண்ணம், உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் இதைத் தொடர்ந்து பயன்படுத்தியதில் எனக்கு உறுதிப்பட்டது. அந்த அளவுகோலின்படி தாவர செல் மாதிரி மிகச் சிறந்தது; விலங்கு செல் மாதிரி பரவாயில்லை; உடன் வரும் கையேடு இரண்டுக்கும் பொருத்தமற்றது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தாவர செல் 40 செ.மீ. நீளமுள்ள, முன்பக்கம் திறந்த செவ்வகப் பெட்டி வடிவம். விலங்கு செல் 30 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு கோளத்தின் பாதி. சைட்டோபிளாசம் இருக்க வேண்டிய இடத்தில் ஒளி ஊடுருவும் பிசின் அடித்தளம் இருக்கிறது. உறுப்புகள் அதன் குழிகளில் பதிந்து நிற்கின்றன. ஒவ்வோர் உறுப்பின் அடிப்புறத்திலும் எண் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது, பெயர் எங்கும் இல்லை. இது நல்ல முடிவு. பெயர் அச்சிட்ட மாதிரிகளில் மாணவரின் கண் உருவத்துக்குப் போவதற்கு முன்பே எழுத்துக்குப் போய்விடுகிறது. நிறங்கள் வழக்கம்போலத்தான்: உட்கரு ஊதா, மைட்டோகாண்ட்ரியா சிவப்பு, கோல்கை உறுப்பு மஞ்சள். உண்மையில் பெரும்பாலான செல் உறுப்புகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான நிறம் கிடையாது. பசுங்கணிகத்தின் பச்சை ஒன்றுதான் இயற்கையானது, மற்றவை வரைபடக்காரர்களின் வசதிக்கும் சாயங்களின் மரபுக்கும் உரியவை. கையேட்டில் இதற்கு ஒரு வரியேனும் ஒதுக்கியிருக்கலாம்.

தாவர செல்லுக்கு வருவோம். மலிவான மாதிரிகளில் செல் சுவரும் செல் சவ்வும் அடுத்தடுத்து வரைந்த இரண்டு கோடுகளாகவே இருக்கும். இரண்டும் தனித்தனிப் பொருள்கள் என்பது மாணவர்களுக்குத் தேர்வு எழுதும் வரையில்கூடப் புரிவதில்லை. இங்கே சுவர் விறைப்பான தனிச் சட்டம். அதற்குள் மெல்லிய சிலிக்கான் ரப்பரால் ஆன பை ஒன்று செல் சவ்வாக இருக்கிறது. சட்டத்தின் ஒரு மூலை படிப்படியாக வெட்டப்பட்டு, வெளியிலிருந்து உள்ளே நடு அடுக்கு, முதன்மைச் சுவர், இரண்டாம் நிலைச் சுவர் என்ற சரியான வரிசை காட்டப்பட்டிருக்கிறது. பெக்டின் மிகுந்த நடு அடுக்கு பக்கத்துச் செல்லோடு பகிர்ந்துகொள்ளப்படுவது. லிக்னின் சேர்ந்து கெட்டிப்படும் இரண்டாம் நிலைச் சுவர், பின்னால் உருவானாலும், வெளியே படியாமல் உள்பக்கமாகவே படிகிறது. புதிதாக வருவது மேலே பூசப்படும் என்று எதிர்பார்க்கும் மாணவர்களுக்கு இந்த வரிசை வியப்பைத் தருகிறது. ஆனால் செல்லுலோஸ் இழைகளை நெய்யும் நொதிகள் செல் சவ்விலேயே பதிந்திருக்கின்றன என்பதையும், சுவர் எப்போதும் சவ்வின் வெளிமுகத்தை ஒட்டியே படிய வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால், வரிசை தானாக விளங்கிவிடும்.

முதன்மைச் சுவரின் மேல் மெல்லிய வரிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. முதல் பார்வைக்கு அவை அலங்காரம் போலத் தோன்றும். விரலால் தடவினால் எல்லாமே செல்லின் நீளத்துக்குக் குறுக்கே ஓடுவது தெரியும். நீண்டு வளரும் செல்களில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் இப்படிக் குறுக்காகவே சுற்றப்பட்டிருக்கும். ஆகையால் உள்ளிருந்து அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளினாலும் செல் பக்கவாட்டில் பருக்க முடியாமல் நீளவாக்கில் நீள்கிறது. ஒரு தண்டு ஏன் மேல்நோக்கி நீள்கிறது என்ற கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இந்த வரிகளில் இருக்கிறது. வடிவமைத்தவர் இதை அறிந்தே செய்திருக்கிறார் என்று நம்புகிறேன், ஆனால் கையேட்டில் சுவரின் பணி 'செல்லுக்குப் பாதுகாப்பும் வடிவமும் அளித்தல்' என்ற நான்கு சொற்களில் முடிந்துவிடுகிறது.

இந்த இணையை வாங்கலாம் என்று நான் பரிந்துரைப்பதற்குக் காரணமாக ஒரே ஓர் உறுப்பைச் சுட்டச் சொன்னால், மைய நுண்குமிழைத்தான் சுட்டுவேன். முதிர்ந்த தாவர செல்லின் கன அளவில் பெரும்பகுதியை, சில செல்களில் 90 சதவீதம் வரைகூட, இந்த ஒரு பையே எடுத்துக்கொள்கிறது. பாடநூல் படங்களில் அது வெற்றிடம் போல வெளிர் நீலத்தில் வரையப்படுவதால், ஒன்றும் இல்லாத இடம் என்று நினைக்கும் மாணவர்கள் அதிகம். இந்த மாதிரியில் அது ஒரு ரப்பர் பை. பின்புறமாக வரும் குழாயின் முனையில் கையால் அழுத்தும் சிறு காற்றுப் பந்து இணைக்கப்பட்டிருக்கிறது. பந்தை அழுத்த அழுத்தப் பை உப்பி, சைட்டோபிளாசத்தைக் குறிக்கும் மென்மையான அடுக்கைச் சுவரோரமாகத் தள்ளுகிறது. உட்கருவும் பசுங்கணிகங்களும் அதனோடு சேர்ந்து ஓரத்துக்கு ஒதுங்குகின்றன. கடைசியில் செல் சவ்வு சுவரின் உள்முகத்தில் இறுக ஒட்டிக்கொண்டு, வெளியிலிருந்து அழுத்தினால் அசையாத விறைப்பு உண்டாகிறது. தாவர செல்லின் உட்கரு ஏன் எப்போதும் ஓரத்தில் வரையப்படுகிறது என்ற கேள்வியை அதன்பிறகு யாரும் கேட்பதில்லை.

திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினால் பை சுருங்கி, சவ்வு சுவரை விட்டு உள்வாங்குகிறது. சுவர்ச் சட்டம் மட்டும் தன் வடிவம் மாறாமல் நிற்கிறது. அடர்ந்த உப்புக் கரைசலில் இட்ட செல்லில் நுண்ணோக்கியின் கீழ் காணும் பிளாஸ்மோலைசிஸ் இதுவே. நீரில்லாமல் வாடிய இலை தொங்குவதற்கும், நீர் ஊற்றியபின் நிமிர்வதற்கும் இந்த விறைப்பு அழுத்தமே காரணம் என்று சொல்லும்போது மாணவர்கள் பந்தைத் தாங்களே வாங்கி அழுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். உண்மையான செல்களில் இந்த அழுத்தம் பல நேரங்களில் ஒரு கார் சக்கரத்தின் காற்றழுத்தத்தைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி. அதைத் தாங்கும் சுவர் இல்லாத விலங்கு செல், தூய நீரில் இட்டால் உப்பி வெடித்துவிடும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் கோளத்தைக் காட்டி அங்கேயே சொல்லிவிடலாம்.

இதில் இரண்டு குறைகளையும் சொல்ல வேண்டும். மாதிரியில் அழுத்தம் வெளியிலிருந்து செலுத்தப்படுகிறது. செல்லில் அப்படி யாரும் செலுத்துவதில்லை. நுண்குமிழின் சவ்வு அயனிகளையும் சர்க்கரைகளையும் உள்ளே குவித்துக்கொள்கிறது, அவற்றின் செறிவு காரணமாக நீர் சவ்வூடுபரவலால் தானே உள்ளே வருகிறது. காற்றுப் பந்தை மட்டும் காட்டி நிறுத்தினால், செல் நீரை இறைத்துக்கொள்கிறது என்ற தவறான எண்ணம் பதியும். இரண்டாவது, சவ்வு சுருங்கும்போது சுவரை விட்டு முழுவதுமாக விடுபட்டுவிடுவது போல இங்கே தெரிகிறது. உண்மையில் பல இடங்களில் மெல்லிய இழைகள் அதைச் சுவரோடு இணைத்தே வைத்திருக்கும். பக்கத்துச் செல்களை இணைக்கும் பிளாஸ்மோடெஸ்மாட்டா துளைகள் சட்டத்தில் குடையப்பட்டிருந்தும், சவ்வு அவற்றின் வழியாகத் தொடர்வதாகக் காட்டப்படாததே இந்தக் குறைக்கு மூலம்.

பசுங்கணிகம் இரண்டாகப் பிளந்து திறக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே தைலக்காய்டு தட்டுகள் அடுக்கடுக்காகக் கிரானாவாக நிற்பதும், அடுக்குகளுக்கு இடையே இணைப்புத் தகடுகள் ஓடுவதும், சுற்றிலும் ஸ்ட்ரோமா என்னும் திரவப் பகுதி இருப்பதும் தெளிவாகத் தெரிகின்றன. ஒளி ஆற்றல் வேதி ஆற்றலாக மாறுவது தட்டுகளின் சவ்வில். கார்பன் டைஆக்சைடு சர்க்கரையாகப் பிணைக்கப்படுவது ஸ்ட்ரோமாவில். இந்த இட வேறுபாட்டை விரலால் தொட்டுக் காட்ட முடிவது பெரிய வசதி. ஒரு மாவுச்சத்து மணியும், வளையமான ஒரு டிஎன்ஏ இழையும் உள்ளே வைக்கப்பட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். உட்கருவுக்கு வெளியே இன்னொரு டிஎன்ஏ எதற்கு என்று யாராவது கேட்டால், ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியங்கள் வேறொரு செல்லுக்குள் குடியேறி நிலைத்ததன் வழியே பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் தோன்றின என்பதையும், 1967இல் லின் மார்குலிஸ் இந்தக் கருத்தை முன்வைத்தபோது அது எளிதில் ஏற்கப்படவில்லை என்பதையும் சொல்ல ஒரு வாசல் திறக்கிறது. ஆனால் அதே டிஎன்ஏ மைட்டோகாண்ட்ரியா மாதிரியில் இல்லை. இருக்க வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா, தாவரத்துக்குப் பசுங்கணிகம் என்று பங்கு பிரித்துப் புரிந்துகொள்ளும் வழக்கம் மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த இணையில் இரண்டு செல்களிலும் ஒரே அச்சில் வார்த்த, ஒரே நிறமுடைய, ஒன்றை எடுத்து மற்றதில் வைக்கக்கூடிய மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கின்றன. தாவரமும் பகலிலும் இரவிலும் சுவாசிக்கிறது, பசுங்கணிகம் செய்த சர்க்கரையை மைட்டோகாண்ட்ரியா சிதைத்தே செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. மடிப்பு மடிப்பான உட்சவ்வும் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. அந்த மடிப்பு ஏன் என்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்: புரோட்டான்களை உட்சவ்வின் ஒரு பக்கத்தில் தேக்கி, அவை திரும்பிப் பாயும் விசையால் ஏடிபி உருவாக்கப்படுகிறது, சவ்வின் பரப்பு கூடக் கூட அந்த வேலைக்கு இடம் கூடுகிறது. பீட்டர் மிட்செல் இந்த விளக்கத்துக்காக 1978இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

விலங்கு செல் மாதிரியில் சிறப்பாக அமைந்திருப்பது புரதம் செல்லும் பாதை. உட்கருவின் வெளிச்சவ்வும் எண்டோபிளாச வலைப்பின்னலும் ஒரே தொடர்ச்சியாக வார்க்கப்பட்டிருக்கின்றன, உண்மையும் அதுவே. உட்கருவின் மேல் துளைகள் தெரிகின்றன. செய்தி ஆர்என்ஏ அவற்றின் வழியே வெளியேறி ரைபோசோம்களைச் சேர்கிறது, சொரசொரப்பான வலைப்பின்னலின் மேல் ஒட்டியிருக்கும் ரைபோசோம்கள் உண்டாக்கும் புரதம் வலைப்பின்னலுக்குள் இறங்குகிறது, அங்கிருந்து நுண்பைகளில் அடைபட்டுக் கோல்கை உறுப்புக்குச் செல்கிறது, அங்கே திருத்தமும் தரம் பிரிப்பும் நடந்தபின் செல் சவ்வுக்கோ, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமுக்கோ அனுப்பப்படுகிறது. இந்தப் பாதையைக் கணையச் செல்களில் கதிரியக்க அமினோ அமிலங்களைக் கொண்டு படிப்படியாகப் பின்தொடர்ந்து காட்டிய ஜார்ஜ் பலாடே 1974இல் ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் டி டூவ் ஆகியோருடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாதிரியில் நுண்பைகளாக வரும் சிறு உருண்டைகளை மாணவர்கள் கையால் நகர்த்தி இந்தப் பயணத்தை நடத்திக் காட்டலாம்; வகுப்பில் இது நன்றாகவே எடுபடுகிறது.

ஆனால் கோல்கை உறுப்பின் காந்தம் இருபுறமும் ஒட்டுகிறது. அந்த அடுக்குக்கு ஒரு திசை உண்டு. வலைப்பின்னலிலிருந்து வரும் நுண்பைகளை ஏற்கும் முகம் வேறு, அனுப்பும் முகம் வேறு. அதைத் தலைகீழாக வைத்தாலும் மாதிரி மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. காந்தத்தின் முனையை மாற்றி அமைத்திருந்தால் தவறாக வைக்கும்போது அது தானே விலகியிருக்கும், மாணவர்களுக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கும். மேலும், தாவர செல்லில் கோல்கை அடுக்குகள் ஓரிடத்தில் கூடாமல் சைட்டோபிளாசம் முழுவதும் சிதறிக் கிடக்கும். சுவருக்கு வேண்டிய பெக்டினை அவையே ஆக்கி அனுப்புகின்றன. இந்த இணையில் தாவர செல்லுக்கும் உட்கருவின் அருகே ஒன்றே ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. விலங்கு செல்லின் அச்சையே எடுத்துப் பயன்படுத்தியிருப்பார்கள் போலும்.

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன அளவுகோலுக்கு வருகிறேன். இந்த மாதிரியில் உள்ள எல்லா உறுப்புகளும் ஒருங்கே அமைந்த செல் இயற்கையில் அரிது; பாடநூலின் 'பொதுவான செல்' பல வகைச் செல்களின் கூட்டுப் படம். வெங்காயச் சவ்வை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, பசுங்கணிகம் எங்கே என்று மாணவர் தேடுவது ஒவ்வோர் ஆய்வகத்திலும் நடப்பது. மாதிரியிலிருந்து பசுங்கணிகங்களை எடுத்துவிட்டால், அதுவே அந்தச் செல். வேர்ச் செல்லும் அப்படியே. அடுத்து உட்கருவையும் நுண்குமிழையும் எடுத்துவிட்டால் உணவு கடத்தும் சல்லடைக் குழாய்ச் செல் கிடைக்கிறது. உட்கரு இல்லாமல் அது எப்படி உயிர் வாழ்கிறது என்ற கேள்வி, அருகில் ஒட்டியிருக்கும் துணைச் செல்லிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் சுவர்ச் சட்டத்தை மட்டும் விட்டால், நீர் கடத்தும் சைலக் குழாய். இறந்த பிறகே வேலைக்கு வரும் செல். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் கண்டு சிற்றறைகள் எனப் பெயரிட்டது இத்தகைய வெறும் சுவர்களைத்தான் என்பதை இந்த இடத்தில் சொன்னால், கையேட்டில் தனியாகக் கிடக்கும் வரலாற்றுப் பக்கத்துக்கும் உயிர் வந்துவிடும்.

விலங்கு செல்லிலும் இதையே செய்யலாம். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா உள்ளிட்ட எல்லா உறுப்புகளையும் எடுத்துவிட்டால் பாலூட்டிகளின் முதிர்ந்த இரத்தச் சிவப்பணு. புதிய புரதம் செய்ய வழியில்லாததால் மனித உடலில் அதன் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்களில் முடிந்துவிடுகிறது, மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் தான் சுமக்கும் ஆக்சிஜனைத் தானே செலவிட்டுவிடுவதும் இல்லை. லைசோசோமை எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், அதிலுள்ள ஒரே ஒரு நொதி குறைந்தாலே ஒரு கொழுப்புப் பொருள் நரம்புச் செல்களில் தேங்கி டே-சாக்ஸ் நோய் உண்டாவதைச் சொல்லலாம். பெராக்ஸிசோம்கள் சரியாக உருவாகாத நிலையில் பிறக்கும் குழந்தைகளின் மூளையும் கல்லீரலும் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றன. மிக நீண்ட கொழுப்பு அமிலங்களைச் சிதைக்க அந்தச் சிறு உருண்டைகளை விட்டால் செல்லுக்கு வேறு இடம் இல்லை. மாதிரியில் பெராக்ஸிசோம் இருக்கிறது, 14 என்ற எண்ணும் இருக்கிறது. கையேட்டுப் பட்டியல் 13இலிருந்து 15க்குத் தாவுகிறது. ஓர் உறுப்பின் செயலை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கூட, அது இல்லாத செல்லைப் பற்றிப் பேச நேரும்போதுதான் அந்தச் செயலை யோசிக்கத் தொடங்குகிறார். இந்த வசதிக்காகவே காந்தத்தில் நிற்கும் மாதிரியை ஒட்டவைத்த மாதிரிக்கு மேலாகக் கருதுகிறேன்.

அளவு விகிதத்தில் இந்த இணை மோசமாகவே சறுக்குகிறது. 50 மைக்ரோமீட்டர் நீளமுள்ள தாவர செல் 40 செ.மீ. ஆகியிருக்கிறது என்று கொண்டால் பெருக்கம் 8,000 மடங்கு. 20 மைக்ரோமீட்டர் விலங்கு செல் 30 செ.மீ. ஆகியிருக்கிறது என்றால் 15,000 மடங்கு. இரண்டும் வெவ்வேறு பெருக்கத்தில் இருக்கின்றன என்ற செய்தி பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை; அருகருகே வைத்ததும் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை என்றே யாரும் நினைப்பர். பசுங்கணிகமும் உட்கருவும் இந்தப் பெருக்கத்துக்கு நன்றாகவே பொருந்துகின்றன. விலங்கு செல்லில் உள்ள ரைபோசோம் மணிகள் 3 மி.மீ. அகலமுடையவை, 25 முதல் 30 நானோமீட்டர் வரை உள்ள ரைபோசோம் இங்கே அரை மி.மீ. கூட வரக் கூடாது. மாதிரி காட்டும் அளவில் ரைபோசோம் இருந்திருந்தால் அது 200 நானோமீட்டர் ஆகியிருக்கும், சாதாரண ஒளி நுண்ணோக்கியின் பிரித்தறியும் எல்லையை எட்டியிருக்கும், அதைக் காண 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மின்னணு நுண்ணோக்கி செல் ஆய்வுக்கு வரும் வரை யாரும் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. செல் சவ்வின் கனம் 7 அல்லது 8 நானோமீட்டர். கோளத்தின் விளிம்பில் அது 0.1 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், கையில் இருப்பதோ 4 மி.மீ. உண்மை அளவில் வார்க்க முடியாது என்பது நியாயமே. ஆனால் எவை அளவுக்கு உட்பட்டவை, எவை பெரிதாக்கப்பட்டவை என்று ஒரு குறிப்பு தருவதற்கு வார்ப்புத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. இந்தக் கணக்கை நான் வகுப்பிலேயே செய்ய வைக்கிறேன். மனித செல் ஒன்றின் உட்கருவில் உள்ள டிஎன்ஏவின் மொத்த நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அதே 15,000 மடங்கில் அது 30 கிலோமீட்டர் நீண்டு, 0.03 மி.மீ. கனத்தில், மாதிரியின் 9 செ.மீ. உட்கருவுக்குள் அடங்க வேண்டும் என்ற விடை வந்ததும், டிஎன்ஏ ஏன் புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியிருப்பதில்லை.

இல்லாதவற்றுள் முதன்மையானது செல் சட்டகம். 25 நானோமீட்டர் குறுக்களவுள்ள நுண்குழல்களும், 7 நானோமீட்டர் அளவுள்ள ஆக்டின் இழைகளும், இவற்றுக்கு இடைப்பட்ட இழைகளும் செல்லை ஊடறுத்துக் கிடக்கின்றன. நுண்பைகள் இந்த நுண்குழல்களின் மேல்தான் இயக்கப் புரதங்களால் இழுத்துச் செல்லப்படுகின்றன. சுவரில்லாத விலங்கு செல்லுக்கு வடிவம் தருவதும் இதுவே. அந்தச் சட்டகத்தை விட்டுவிட்டு சென்ட்ரியோல் இணையை மட்டும் வைத்திருப்பது, மூன்று மூன்றாக ஒன்பது தொகுதி நுண்குழல்களை அதில் அழகாகச் செதுக்கியிருந்தபோதிலும், பாதி வேலையே. மேலும், தெளிந்த பிசினில் ஆங்காங்கே மிதக்கும் சில உறுப்புகளைப் பார்க்கும் மாணவர், செல்லின் உள்ளே நிறைய வெற்றிடம் இருப்பதாக முடிவுகட்டிவிடுகிறார். உண்மையான சைட்டோபிளாசம் புரதங்களால் நெருக்கியடித்து நிறைந்தது. மைட்டோகாண்ட்ரியாவும் அவரை விதை போல ஓரிடத்தில் கிடப்பதில்லை; நீள்கிறது, கிளைக்கிறது, ஒன்றோடொன்று இணைகிறது, பிரிகிறது. நகராத மாதிரியிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஹைட்ரில்லா இலை ஒன்றை நுண்ணோக்கியில் வைத்து, பசுங்கணிகங்கள் சுவரோரமாக வரிசையாக ஊர்ந்து செல்வதைக் காட்டிவிட்டு மாதிரியைக் கையில் எடுப்பதே என் வழக்கம். அந்த வரிசையில் காட்டினால் மாதிரியின் அசையாமை யாரையும் ஏமாற்றுவதில்லை.

கையேட்டைப் பற்றி ஏற்கெனவே சொன்னதோடு இன்னும் சில. லைசோசோம் விலங்கு செல்லில் மட்டும், சென்ட்ரியோல் விலங்கு செல்லில் மட்டும் என்று அட்டவணை போட்டு முடித்துவிட்டார்கள். தாவர செல்லில் அமிலத்தன்மை கொண்ட நுண்குமிழே செரிமான நொதிகளை வைத்துக்கொண்டு அந்த வேலையைப் பார்க்கிறது என்ற ஒரு வாக்கியம் இல்லாமல், அந்த அட்டவணை தாவர செல் தன் கழிவை என்ன செய்கிறது என்ற கேள்வியை அந்தரத்தில் விடுகிறது. பாசி, பெரணி போன்றவற்றின் நீந்தும் ஆண் இனச்செல்களில் சென்ட்ரியோல் உண்டு. பூக்கும் தாவரங்கள் அது இல்லாமலேயே, குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர் இழைகளை அமைத்துச் செல் பிரிதலை நடத்துகின்றன. எனவே செல் பிரிதலுக்குச் சென்ட்ரியோல் இன்றியமையாதது என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பது, பக்கத்தில் வைத்திருக்கும் தாவர மாதிரியோடு நேராக முரண்படுகிறது. செல் சவ்வுக்குக் கிடைத்திருப்பது ஒன்றரை வரி. எதை உள்ளே விடுவது எதைத் தடுப்பது என்று தேர்ந்து செயல்படும் லிப்பிட் ஈரடுக்கையும், அதில் பதிந்து நகரும் புரதங்களையும் பற்றிப் பேச்சே இல்லை.

பராமரிப்பைப் பொறுத்தவரை, மாதிரியின் உடல் உறுதியானது. தூசு படிந்தால் ஈரத் துணியால் துடைத்தால் போதும். காற்றுப் பைதான் பலவீனமான இடம். அதை உப்பிய நிலையிலேயே விட்டுவைத்தால் ரப்பர் தளர்ந்துவிடுகிறது, குழாய் சேரும் கழுத்துப் பகுதியில் காற்றுக் கசிகிறது. பயன்படுத்திய உடன் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றிவிட வேண்டும். மாற்றுப் பை தனியாகக் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது. ரைபோசோம் மணிகளும் நுண்பைகளும் எளிதில் தொலைபவை, மேலும் அவற்றுக்குள் காந்தம் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துக் கொடிய சேதம் விளைவிக்கும் என்பதால், தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் புழங்கும் இடத்தில் இந்தச் சிறு உருண்டைகளைத் தனியே எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். நிறுவனம் இதே வடிவமைப்பில் தாவர செல்லைத் தனியாகவும் விற்கிறது. ஏற்கெனவே ஓரளவு நல்ல விலங்கு செல் மாதிரி வைத்திருக்கும் ஆய்வகங்கள் அதை மட்டும் வாங்கினால் போதும்.